நாற்பத்தொரு தொங்கல்கள்

ஒன்றை அழிப்பது பெரிய வேலையே இல்லை. அழித்துவிட்டதை இன்னமும் கைநீட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறவற்றை என்ன செய்வது என்பதுதான் வேலை. அந்த வேலைக்குத்தான் முப்பிடாதிக்கு இருபத்தாறு வருடமாகச் சம்பளம். பாளையங்கோட்டை மாவட்ட ஆள்பதிவு மையத்தில் பராமரிப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் இருந்த நான்கு பேரில் ஒருவர் இறந்து, ஒருவர் மாற்றலாகி, இன்னொருவர் நீண்ட விடுப்பில் போய், கடைசியில் மிஞ்சியது இவள்தான். ஐம்பத்துநான்கு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். விருப்ப ஓய்வுக்கு மனுக் கொடுத்து, மார்ச் முப்பத்தொன்றோடு போகலாம் என்று மேலிடத்தில் வாய்வார்த்தையும் வாங்கியாயிற்று. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "பகல்ல தூங்கப் போறேன்" என்று ஒரே பதிலைச் சொல்லிவந்தாள். அவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் அட்டை, காகிதம் எல்லாம் ஒழிந்துபோயிருந்தன. ஆஸ்பத்திரி வாசல், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாம் முகத்தைப் பார்த்து ஆள்பதிவைக் கேட்கும். ஆள்பதிவு சொல்வதுதான் ஆள். யாருக்கு யார் என்ன உறவு என்பதையும் அதுவே வைத்திருந்தது. ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வகை. அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தால் ஒரு வகை பிறக்கும். திட்டத்தை எடுத்தால் வகையையும் எடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த வகையின் பேரில் எழுதின பதிவுகள் போட்டது போட்டபடி கிடக்கும். அவை சுட்டுகிற இடத்தில் ஒன்றுமே இருக்காது. ஆபீஸில் இவற்றுக்குத் தொங்கல் என்று பெயர்.

தொங்கலைக் கழிக்க ஒரு கட்டளை உண்டு. அது நல்ல பிள்ளையாக முதலில் பட்டியலைக் காட்டிக் கேட்கும்: 'இந்த வகை இப்போது இல்லை. இதைச் சார்ந்த பதிவுகளும், அந்தப் பதிவுகளைச் சார்ந்தவையும் சேர்ந்தே அழியும். சம்மதமா?' ஆம் என்று தட்ட வேண்டும். ஆம் ஆம் என்று தட்டித் தட்டி விரல் ஓய்ந்துபோன ஒரு நாளில், கட்டளையின் வாலில் 'கேட்காதே' என்று சேர்த்துவிட்டால் அது கேட்காமலேயே முடித்துவிடும் என்று கண்டுபிடித்து, மையம் முழுவதற்கும் சொல்லிக்கொடுத்தவள் முப்பிடாதிதான். ஒன்பது வருடமாக அந்தக் கேள்வியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை உதுமான் மைதீன் வந்தார். அறுபத்தெட்டு வயது. மேலப்பாளையத்தில் மின்வண்டிக்கு பேட்டரி மாற்றுகிற கடை வைத்திருந்தவர். மாடி ஏறிய களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும், ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கொடுத்த சீட்டை நீட்டினார்.

"பதினோரு நாளா வாசல்லயே நிக்கேன் மேடம். கதவு என் மூஞ்சியப் பாக்குது, தொறக்க மாட்டேங்குது. கேட்டா இதக் குடுத்து இங்கன போகச் சொல்லுதாக."

நோயாளி லெட்சுமணப்பெருமாள், வயது எழுபது. பார்க்க வந்தவர் உதுமான் மைதீன். உறவு வகை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இவுக உங்களுக்கு என்ன வேணும் பாய்?"

"நான் அவனுக்குப் பொறுப்பாளு."

முப்பிடாதிக்குப் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பெருவெள்ளத்தில், குடும்பத்தையே பறிகொடுத்துத் தனியாக முகாமுக்கு வந்தவர்களுக்காகப் போட்ட வகை அது. ரத்தமோ கல்யாணமோ இல்லாத யாராவது ஒருவர், இந்த ஆளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடலாம். போட்டுவிட்டால் மருத்துவத்துக்குச் சம்மதம் தரலாம், கூட இருக்கலாம், செத்தால் எடுத்துப் போடலாம். பின்னால் சிலர் இதை வைத்துக் கிழடுகளின் வீட்டை எழுதி வாங்கினார்கள் என்று வழக்கு மேல் வழக்காக வந்தது. போன ஆடியில் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்; ஆஸ்பத்திரிக் கதவுவரை அது வந்துசேர இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இனிமேல் உறவு என்றால் ரத்தம், கல்யாணம், தத்து என்று மூன்றே வகை; இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கோர்ட் ஆணை வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

"எப்படிப் பொறுப்பாளு ஆனிய?"

"என்னத்தச் சொல்ல. அவன் வீட்டுல அஞ்சு பேரையும் ஆறு கொண்டு போயிட்டு. இவன் ஒரு கால் நசுங்கி முகாமுல கெடந்தான். கால எடுக்கணும், யாராவது கையெழுத்துப் போடுங்கன்னு டாக்டர் கேட்டாரு. நான் அங்கன சோறு பொங்கிட்டு நின்னேன். கையக் கழுவிட்டுப் போயிப் போட்டேன். அம்புட்டுத்தான்."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு அவன் எங்க போவான்? எங்கூடத்தான். கடையில கணக்கெல்லாம் அவந்தான் பாத்தான். இப்ப மூணு வருசமா வாய் விழுந்துட்டு, கிட்னியும் போயிட்டு. வாரத்துக்கு மூணு நாளு ரத்தம் சுத்தம் பண்ணணும். நான் பக்கத்துல இல்லன்னா ஊசியப் பிடுங்குதானாம். நர்சு போன்ல சொல்லுது."

"வகையவே எடுத்துட்டாக பாய். ஒரு தெருவோட பேர எடுத்துட்ட மாதிரி. வீடெல்லாம் அங்கனயேதான் இருக்கு. ஆனா தபால்காரன் எங்க கொண்டு போய்ப் போடுவான்?"

"தெருவுல நிக்கவன்ட்ட கேட்டாச் சொல்லிட்டுப் போறான்."

"மெஷினு கேக்காது."

உதுமான் மைதீன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்ப மச்சான்னு போட்டுருங்க. இருபத்திரண்டு வருசமா மச்சான்னுதான் கூப்பிடுதேன்."

"மச்சான்னா நடுவுல ஒரு பொம்பள வேணும் பாய். யாருன்னு கேக்கும்."

"தத்துன்னு போட்டா?"

"தத்து எடுக்கவருக்கு இருபத்தொரு வயசு கூட இருக்கணும்."

"அவன் என்னவிட ரெண்டு வயசு மூப்பு. என்னைய அவன் தத்தெடுத்தாலும் பத்தொம்பது வயசு ஒதைக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏதாவது செய்யுங்க தங்கச்சி" என்றார்.

முப்பிடாதிக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேல் இல்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். "பாக்கேன் பாய்" என்றாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் மாவட்டமே புது மென்பொருள் சட்டகத்துக்கு மாற வேண்டும். பழைய சட்டகம் தொங்கலைக் கண்டால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நகர்ந்துவிடும். புதுசு அப்படி இல்லை. ஒரே ஒரு தொங்கல் இருந்தாலும் அந்தப் பக்கம் முழுக்க விழுந்துவிடும். ஒரு நோயாளியின் தொங்கலுக்காக ஆஸ்பத்திரிப் பட்டியல் மொத்தமும் திறக்காது. அதனால் வெள்ளிக்கு முன்னால் எல்லாவற்றையும் கழித்துவிடச் சொல்லி ஆணை. ஆடி மாதத்துக்குப் பின் சேர்ந்தவை பன்னிரண்டு வகை. முப்பிடாதி இதுவரை கையைக் காலை ஆட்டாமல் இருந்ததற்குக் காரணம், கேட்காதே போட்டால் பத்து நிமிட வேலை என்பதுதான்.

உதுமான் மைதீன் போனபிறகு, ஒன்பது வருடத்தில் முதல் முறையாக வாலை வெட்டிவிட்டுக் கட்டளையை ஓட்டினாள். பட்டியல் வந்தது. பொறுப்பாள் வகையில் நாற்பத்தொன்று மிச்சம். பதினேழாவது லெட்சுமணப்பெருமாள். அவர் பெயருக்குக் கீழே, உள்தள்ளி, அதைச் சார்ந்தவை: டயாலிசிஸ் சம்மதம், வாரம் மூன்று முறை, கொடுத்தவர், பொறுப்பாள். இருபத்துநான்காவதில் ஒரு பெண் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை. முப்பதாவதில் ஒரு கிழவியின் ரேஷன். எல்லாம் ஒன்றில் ஒன்று தொற்றிக்கொண்டு நின்றன. மேலே இருப்பது போனால் கீழே இருப்பதும் போகும். சம்மதம் போனால் மெஷினில் ரத்தம் ஏறாது. யாரும் கொல்ல வேண்டியதில்லை.

சம்மதமா என்று கேட்டுக்கொண்டு திரை காத்திருந்தது.

அவள் இல்லை என்று தட்டிவிட்டுப் பழைய பேரேடுகளைத் திறந்தாள். ஒன்பது வருடத்தில் கழித்தவை அறுநூற்றுச் சொச்சம் வகை. ஒவ்வொன்றின் நேராகவும் 'முடிந்தது' என்று ஒரே சொல். கேட்காமல் செய்ததால் என்னென்ன போயிற்று என்று பட்டியலும் இல்லை. அங்கே எத்தனை லெட்சுமணப்பெருமாள்கள், எத்தனை பள்ளிச் சேர்க்கைகள் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.  இருபத்தாறு வருடத்தில் ஒரு பைசா லஞ்சம் வாங்கியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள், அன்றைக்குத் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள்.

மறுநாள் கண்காணிப்பாளர் ஜெபசிங்கிடம் போனாள். ஜெபசிங் கெட்டவர் இல்லை. ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மூன்று வேளையும் சமாதானபுரத்து மெஸ்ஸில் சாப்பாடு. கோப்பில் தன் கையெழுத்து எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று வாழ்கிறவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அதுக்கு என்ன செய்யலாம்ங்கிய?"

"அதே பேருல ஒரு காலிக் கூடு செஞ்சு வச்சிருவோம் சார். உள்ள ஒண்ணும் கெடையாது, பேரு மட்டும்தான். தொங்கல் எல்லாம் அதச் சுட்டும். புதுச் சட்டகமும் விழாது."

"சட்டசபை எடுத்த வகைய நீங்க உண்டாக்குதிய."

"உண்டாக்கல சார். நாப்பத்தொரு பேரு நிக்கதுக்கு ஒரு பலகை போடுதேன். ஒவ்வொருத்தரா கோர்ட் ஆர்டர் வாங்கிப் பதிவ அதும்பேருக்கு மாத்திட்டுப் பலகைய எடுத்துருவேன்."

"உடையவர்னு ஒரு கட்டம் இருக்குமே, வகைக்குப் பதில் சொல்லுத ஆபீஸரு பேரு போட. அதுல யாரு பேரு? நான் போட மாட்டேன் மேடம், இப்பவே சொல்லிட்டேன்."

"என் பேரு."

ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மார்ச்சோட போறிய. உடையவர் சர்வீஸ்ல இல்லன்னா மறுநா காலையில வகை தன்னால அழிஞ்சிரும். அதத் தொத்திக்கிட்டு நிக்கது எல்லாமும். தெரியும்லா?"

"அஞ்சு மாசம் இருக்கு சார். வாரத்துக்கு ரெண்டு பேருன்னு வச்சாலும் முடிஞ்சிரும்."

"நான் கேள்விப்படவே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கோப்பை எடுத்தார். அவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. முப்பிடாதிக்கு அதுவே பெரிய உதவியாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு வகைகளுக்குப் பட்டியலைப் படித்துப் படித்து ஆம் போட்டாள். கண் பூத்துப்போயிற்று. பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், மேலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருக்க, கூட்டைச் செய்து உடையவர் கட்டத்தில் தன் பெயரைப் போட்டு அவசர அவசரமாக ஏற்றினாள். மாவட்டம் மாறியது. எதுவும் விழவில்லை. இரண்டு மணிக்கு உதுமான் மைதீன் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயிருந்து போன் செய்தார்.

"தொறந்துட்டு தங்கச்சி. இந்தப் பய என்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிடுதான். இத்தனை நாளா எங்க போனேன்னு கோவம்."

ஆறுதலாக இருந்தது. ஆனால் ஆறுதலை அனுபவிக்க நேரமில்லை. நாற்பத்தொரு பேருக்கும் கடிதம் எழுத வேண்டும், இலவச சட்ட உதவிக்காரர்களைப் பிடிக்க வேண்டும், நீதிமன்றத்தில் தேதி வாங்க வேண்டும். தன் வேலையோடு சேர்த்து அதையும் செய்தாள். மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு ஆயிற்று. முழங்காலுக்குப் போட வேண்டிய ஊசியை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு நவம்பரில் ஆணை கிடைத்தது, ரேஷன் கிழவிக்கு டிசம்பரில். சிலர் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. தேடிப் போனால் செத்துப்போயிருந்தார்கள். தை மாதம் இரண்டாம் வாரம் லெட்சுமணப்பெருமாளும் இறந்துபோனார். உதுமான் மைதீன்தான் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கினார். "கடைசி மட்டும் நான் பக்கத்துல இருந்தேன்" என்று போனில் சொன்னார். 

பிப்ரவரி கடைசி வாரம், மிச்சம் ஒன்பது பேர்தான் என்ற நினைப்பில் கூட்டைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தாள். முந்நூற்றுப் பதினான்கு என்று இருந்தது.

ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். பெயர்களை விட்டுத் தேதியையும் இடத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாம் புதுப் பதிவுகள். நவம்பர், டிசம்பர், ஜனவரித் தேதிகள். மாவட்டத்து ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்கள் அத்தனையிலும் கவுண்டரில் இருந்து போட்டவை. கூட்டை ஏற்றின கட்டளையைத் தேடிப் பார்த்தாள். அதன் வாலில் 'கேட்காதே' ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நிமிட அவசரத்தில் விரல் தன் பழக்கத்தைச் செய்துவிட்டது. 'புதிய பதிவுகளை அனுமதிக்கலாமா?' என்று அது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அனுமதி என்று அர்த்தம். காலிக் கூட்டின் பெயர் நான்கு மாதமாக எல்லாக் கவுண்டர் திரையிலும் நான்காவது வகையாக நின்றிருக்கிறது. தொங்கல் என்றால் என்ன என்று மாவட்டத்துக்கே வகுப்பு எடுத்த முப்பிடாதி, தன் கையாலேயே இருநூற்றெழுபத்து மூன்று பேரை... இல்லை, கணக்கு அதுகூட இல்லை. பழையவர்களில் ஒன்பது பேர்தான் மிச்சம். முந்நூற்றைந்து பேரை ஏற்றி நிறுத்தியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில், மடியில் யாருடைய பிளாஸ்கையோ வைத்துக்கொண்டு உதுமான் மைதீன் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இன்னும் இங்க என்ன செய்யுதிய பாய்?"

"பக்கத்துக் கட்டில்காரன். ஊரு சங்கரன்கோயில் பக்கம். ஒருத்தரும் வர மாட்டேங்காக. கவுண்டர்ல பொறுப்பாளுன்னு திரும்பவும் வந்துருக்குல்லா, அதான் போட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், தப்பா?" என்று கேட்டார்.

"யாருட்டல்லாம் சொன்னிய?"

"கேட்டவன்ட்டல்லாம் சொன்னேன். இதுல ஒளிக்கதுக்கு என்ன இருக்கு?"

அவளுக்குத் திட்டத்தான் வந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. உள்ளே யாரோ கூப்பிட, அவர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். கதவு அவர் முகத்தைப் பார்த்ததும் திறந்தது.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி ஜெபசிங் அவளைக் கூப்பிட்டு ஓய்வு ஆணையைக் காட்டினார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை பிரிவு உபசாரம், சாப்பாட்டுக்குச் சொல்லியாயிற்று. அவள் ஆணையை வாங்காமல், ஒரு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள்.

"புதுச் சேர்க்கைய இன்னைக்கே மூடிருதேன் சார். இருக்க முந்நூத்திச் சொச்சம் பேருக்கு மட்டும் உடையவர் வேணும். மையத்துல எல்லாருட்டயும் கேட்டுட்டேன், ஒருத்தரும் சரிங்கல. உங்களுக்கு இன்னும் பத்து வருசம் சர்வீஸ் இருக்கு. பேரு மட்டும் போட்டாப் போதும். எங்கிட்ட இனிமே திராணி இல்ல சார். நெசமாவே இல்ல."

அழுதுவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.  ஜெபசிங் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் போட முடியாது மேடம்."

"தெரியும் சார். சும்மா கேட்டுப் பாத்தேன்."

"பயந்துக்கிட்டுச் சொல்லல. விதி எடம் குடுக்காது. ஒரு வகைக்குள்ள பேரு இருக்கவன் அந்த வகைக்கு உடையவரா இருக்கப்படாது."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஜனவரியில பத்து நாளு நாசரேத் போறேன்னு லீவு போட்டேன்லா. போகல. நெஞ்சுல அடைப்பு. ஆபரேசனுக்கு முன்னால சொந்தம் யாருன்னு கேட்டாக. எனக்கு யாரு இருக்கா? மெஸ்ஸு நடத்துத சொர்ணத்தாய் அக்காதான் ஆட்டோ பிடிச்சுக் கொண்டுவந்து சேத்தாக. அவுகளே கையெழுத்துப் போட்டாக." மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "உங்க பேரு அந்தக் கட்டத்துல இருந்ததாலதான் கத்தி வச்சாக. அன்னைக்கு நான் வேண்டாம்னு தடுத்திருந்தா, இங்க வேற ஆளு உக்காந்திருப்பான்."

வெளியே யாரோ சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பாயசம் பருப்பிலா சேமியாவிலா என்று சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதிக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, ஒரு பக்கம் ஆத்திரமாக இருந்தது. ஆத்திரம் யார்மேல் என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. மேஜையிலிருந்து ஓய்வு ஆணையை எடுத்தாள். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"சாப்பாடு வேண்டாம்னு சொல்லிருங்க சார்."

"மேடம், நான் அதுக்காகச் சொல்லல."

"தெரியும் சார்." கதவுவரை போனவள் நின்று திரும்பினாள். "சொர்ணத்தாய் அக்காவோட போன் நம்பர எழுதிக் குடுங்க. பதிவுல பாதி நம்பரு பழசாக் கெடக்கு. சரிபாத்து மாத்திப்புடுதேன். அறுவது ஆகுதவரைக்கும் இன்னும் ஆறு வருசம் ஓடணும்லா."